பழைய பொயிலரைத் திருத்துவதா, மாற்றுவதா? புலம்பெயர் வீடுகளின் குளிர்காலக் கணக்கு

பிரித்தானிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் 26ஆம் திகதி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஏப்ரல் முதல் சராசரி வீடொன்றின் எரிசக்திக் கட்டணம் ஆண்டுக்கு 150 பவுண் அளவில் குறையும் என்று அறிவித்தார். எங்கள் ஊடகங்களில் அது ஒரு வரிச் செய்தியாகக் கடந்து போனது. ஆனால் அந்த அறிவிப்பின் உள்ளே இரண்டு விடயங்கள் இருந்தன. மின்கட்டணத்தோடு சேர்த்து இதுவரை எங்களிடம் அறவிடப்பட்டு வந்த புதுப்பிக்கத்தக்க சக்திக்கான பழைய வரியில் 75 வீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசாங்கமே ஏற்கும் என்றார். அதே நேரத்தில், வருமானம் குறைந்த வீடுகளுக்குப் பொயிலரும் சுவர்க்காப்பும் இலவசமாகப் பொருத்திக் கொடுத்த 'ஈ.சி.ஓ.' திட்டம் முடிவுக்கு வரும் என்றும் அறிவித்தார்.

லண்டனின் புறநகர் ஒன்றில் தமிழ் முதியோருக்குச் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். முன்பெல்லாம் வதிவிட உரிமை, பென்சன், கவுன்சில் வீடு என்றுதான் கேள்விகள் வரும். இந்தக் குளிர்காலத்தில் அதிகம் கேட்கப்படுவது வேறொன்று. "தம்பி, எங்கட பொயிலர் பழசாப் போச்சு. திருத்துறதோ, மாத்துறதோ?" இது தனிப்பட்ட வீட்டு விடயம் போலத்தான் தெரியும். ஆனால் உக்ரேன் போர், பிரித்தானிய அரசியல், ஊருக்கு அனுப்பும் காசு என எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்து நிற்கின்றன.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு பெட்டி தொங்கும். குழாயில் வரும் காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அதை ஒவ்வொரு அறையிலும் உள்ள றேடியேற்றர்களுக்கு அனுப்பும். குளிக்கும் சுடுதண்ணீரும் அதிலிருந்தே வரும். அந்தப் பெட்டி நின்றால் வீடு முழுவதும் குளிர்ந்துவிடும். அதன் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வந்து, இரண்டு வேலை மூன்று வேலை செய்து வீடு வாங்கிய எங்கள் ஆட்களில் பலருடைய பொயிலர்கள் அந்த ஆயுளை இப்போது தாண்டிக்கொண்டிருக்கின்றன.

பொயிலர் ஓடினாலே காசு கரையும் என்ற பயம் 2022இல் வந்தது. எரிசக்தி ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் நிர்ணயிக்கும் கட்டண உச்சவரம்பு, சராசரி வீடொன்றுக்கு 2021 ஒக்ரோபரில் ஆண்டுக்கு 1,277 பவுணாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அந்த ஒக்ரோபரில் 3,549 ஆகவிருந்ததை அரசாங்கம் தலையிட்டு 2,500 இல் நிறுத்தியது. 2025 ஒக்ரோபரில் 1,755. குறைந்துவிட்டது என்கிறார்கள். போருக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டுச் சொல்பவர்கள் குறைவு.

ரஷ்ய எரிவாயுவில் பிரித்தானியா பெரிதாகத் தங்கியிருக்கவுமில்லை. 2021இல் இங்கு பயன்பட்ட எரிவாயுவில் ரஷ்யாவிலிருந்து வந்தது ஏறத்தாழ 4 வீதம்தான். ஆனால் ஜேர்மனியும் இத்தாலியும் மாற்று எரிவாயு தேடி அதே சந்தைக்கு ஓடி வந்தபோது விலை எல்லோருக்கும் சேர்த்தே ஏறியது. கடலடியில் இருந்த மிகப் பெரிய எரிவாயுச் சேமிப்பிடத்தை 2017இல் மூடிவிட்டிருந்ததால் இருப்பில் வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. அதே 2022இல் ஊரில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவைத் தொட்டது. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. வடக்கின் சிறு மீனவர்கள் படகை இறக்க முடியாமல் கரையில் இருந்தார்கள். அங்கே டொலர் இல்லாத நெருக்கடியும் சேர்ந்திருந்தது என்பது உண்மை. ஆனாலும், எங்கோ நடக்கும் போர் அடுப்புக்குள் வந்து நிற்பது எப்படி என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் போத்தல் மூடியில் துளையிட்டுத் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து படித்த தலைமுறைதான் இன்று இங்கே பொயிலருக்குக் கணக்குப் பார்க்கிறது.

அந்தக் கணக்கை என் வீட்டை வைத்தே சொல்கிறேன். முந்தைய உரிமையாளர் 2004இல் பொருத்திய பொயிலர் அது. 2025 ஒக்ரோபரில் விசிறியும் அதோடு ஒரு வால்வும் பழுதாகி நின்றது. வந்து பார்த்தவர் வடமராட்சிக்காரர், முறையாகப் பதிவு செய்த தொழிலாளி. "அண்ணை, சாமான் இன்னும் கிடைக்குது. 430 பவுண் வரும். புதுசு போடுறதெண்டால் 2,800. நீங்கள்தான் முடிவெடுக்கோணும்" என்றார். இரண்டில் ஒன்றை விற்கப் பார்க்காத ஒருவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஒஃப்ஜெமின் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் சராசரி வீடொன்று ஆண்டுக்கு 11,500 அலகு காஸ் எரிக்கிறது. 2005 ஏப்ரலுக்கு முன் பொருத்திய, புகைக்குழாயின் சூட்டை மீட்டெடுக்காத பழைய வகைப் பொயிலர் அந்தக் காஸில் முக்கால் பங்கைத்தான் வெப்பமாக வீட்டுக்குத் தருகிறது என்று எடுத்துக்கொள்வோம். புதியது 90 வீதம் தரும். அதே வெப்பத்துக்குப் புதிய பொயிலருக்கு ஏறத்தாழ 9,580 அலகு போதும். 2025 இறுதிக் காலாண்டில் காஸ் ஓர் அலகு 6.29 பென்ஸ். ஆக மிச்சம் ஆண்டுக்கு 120 பவுண். 2,800 பவுணை 120ஆல் பிரித்தால் 23 ஆண்டுகள். அதற்குள் புதியதும் பழையதாகிவிடும். "புதுசு போட்டால் காசு மிச்சம்" என்று கதவைத் தட்டுகிறவர்கள் இந்தப் பிரித்தலைச் செய்து காட்டுவதில்லை.

அதோடு கணக்கை நிறுத்தினாலும் பிழைதான். பழையது எப்படியும் ஒருநாள் மாற வேண்டியது. 14 ஆண்டு ஓடும் என்றால் புதிய பொயிலரின் விலை ஆண்டுக்கு 200 பவுண். திருத்திய பழையது இரண்டு குளிர்காலம் தாங்கும் என்று வைத்தால், 430 பவுண் திருத்தக் கூலியும் இரண்டு ஆண்டுக்கான 240 பவுண் வீண் காஸும் சேர்ந்து 670. அதே இரண்டு ஆண்டுக்குப் புதியதன் விலைப் பங்கு 400. காத்திருப்பதன் விலை 270 பவுண். கையில் காசு இருப்பவர் இந்த 270ஐ ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்கத் தேவையில்லை. இவ்வளவு பழைய பொயிலர் என்றால் மாற்றுவதே இலாபம்.

கையில் காசு இல்லாதவருக்குக் கணக்கு தலைகீழாகும். தவணைக்கு எடுக்கும் 2,800 பவுணுக்கு ஆண்டு வட்டி 12 வீதம் என்றால் ஐந்து ஆண்டில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 3,740 பவுண். வட்டி மட்டும் 900க்கு மேல். மாதத்துக்கு 62 பவுண்தானே என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சீட்டுக் கட்டிப் பழகிய எங்களுக்கு மாதக் கணக்கு இலகுவாகப்படும், மொத்தக் கணக்கு கண்ணில் படாது. தவணையை விட்டால் வழியில்லை என்பவருக்கு, திருத்தக் கூடிய பழுதைத் திருத்திக்கொண்டு இரண்டு கோடைக்குள் காசு சேர்ப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். 2005க்குப் பின் பொருத்திய வகையென்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். புதியதுக்கும் அதற்கும் காஸ் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நான் திருத்தினேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மன்னார்ப் பக்கம் இருக்கும் அக்காவின் வீட்டுக்குள் வெள்ளம் இடுப்பளவு ஏறியது. பொயிலருக்கென்று வைத்திருந்த காசில் ஒரு பகுதி இப்போது அங்கே போய்விட்டது. இந்த நாட்டின் எரிசக்தி ஆலோசனைக் கையேடு எதிலும் இப்படி ஒரு செலவுக்கு நிரல் இல்லை. ஆனால் புலம்பெயர்ந்த வீடுகளில் பொயிலர், கூரை, கார் எல்லாம் 'அடுத்த வருசம் பாப்பம்' என்று தள்ளிப் போவதற்கு அதுதான் காரணம். அதை அலட்சியம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

இனி ஹீற் பம்ப். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து உள்ளே தரும் இயந்திரம். குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்வது என்று சொன்னால் விளங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு 7,500 பவுண் மானியம் உண்டு. பொருத்தும் நிறுவனமே விண்ணப்பித்துக் கழித்துக்கொள்ளும். பெறுமதி சேர் வரியும் 2027 மார்ச் வரை இல்லை. அயல் வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் 2025 மே மாதம் நீக்கப்பட்டதால் ஈஸ்ட்ஹாம், இல்பேர்ட் போன்ற இடங்களின் தொடர்வீடுகளுக்கும் வழி திறந்திருக்கிறது.

ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் கிடைத்தால் அது நடுத்தரமான பொருத்தல். மின்சாரம் அதே 2025 இறுதிக் காலாண்டில் அலகுக்கு 26.35 பென்ஸ், காஸின் விலையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதன்படி எங்கள் சராசரி வீட்டுக்கு ஆண்டுச் செலவு 758 பவுண். புதிய காஸ் பொயிலருக்கு 603, என் பழைய பொயிலருக்குக் கூட 723 தான். காஸ் இணைப்பையே துண்டித்தால் நாட்கட்டணமாகப் போகும் ஏறத்தாழ 124 பவுண் மிஞ்சும், அப்போது 634 ஆகும். நன்றாகத் திட்டமிட்டுப் பொருத்தி நான்கு மடங்கு வெப்பம் எடுத்தால் 444க்கு இறங்கும். ஆக, ஹீற் பம்ப் இலாபமா என்பது அந்த இயந்திரத்தைவிட அதைப் பொருத்துபவரின் கையிலும், ரீவ்ஸ் சொன்னபடி மின்கட்டணம் குறைகிறதா என்பதிலும்தான் தங்கியிருக்கிறது.

காஸைத் துண்டிப்பது எங்கள் வீடுகளில் இலேசான காரியமுமில்லை. மின்காந்த அடுப்பில் மண்சட்டி சூடேறாது, அலுமினியப் பானையும் இட்லிச் சட்டியும் சூடேறாது. மீன்குழம்புக்கு மண்சட்டிதான் என்று இருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்னொரு சிக்கல், ஹீற் பம்புக்குச் சுடுதண்ணீர்த் தாங்கி வேண்டும். பழைய ஆங்கிலேய வீடுகளில் அதற்கென்று மாடியில் ஓர் அலுமாரி இருந்தது. புதிய வகைப் பொயிலர் வந்தபோது தாங்கியைக் கழற்றினோம். எத்தனையோ தமிழ் வீடுகளில் அந்த அலுமாரிதான் இன்று சாமியறை. முருகனை எங்கே இடம் மாற்றுவது என்பது நகைச்சுவையாகக் கேட்கப்படும் கேள்வியில்லை, என்னிடம் நிசமாகவே கேட்டிருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் சொல்லை நம்பி முடிவெடுக்கலாமா? 2023 செப்ரெம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் 2035க்கான இலக்கைத் தளர்த்தி, ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு விலக்கு என்றார். இப்போதைய அரசாங்கமும் ஓடிக்கொண்டிருக்கும் காஸ் பொயிலரைக் கழற்றச் சொல்லவில்லை. காஸுக்குப் பதிலாக ஹைட்ரஜன் வரும் என்றார்கள். ரெட்கார் பகுதியில் நடக்கவிருந்த பரீட்சார்த்தத் திட்டம் 2023 டிசம்பரில் கைவிடப்பட்டது. இன்னமும் 'ஹைட்ரஜனுக்குத் தயார்' என்று ஒட்டி விற்கிறார்கள், அந்தச் சொல்லுக்காக ஒரு பவுணும் கூடக் கொடுக்க வேண்டாம். இது பிரித்தானியாவின் நோய் மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோரின் கூரையில் சூரியத் தகடு போடக் காசு அனுப்பியவர்களுக்குத் தெரியும். போடு போடு என்று ஊக்கப்படுத்திவிட்டு, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் அவற்றை நிறுத்தி வைக்கச் சொல்லி இலங்கை மின்சார சபை கேட்டது. எந்த நாட்டிலும் இருபது ஆண்டுக்கான இயந்திரத்தை இரண்டு ஆண்டுக் கொள்கையை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது.

இலவசம் என்று வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஒக்ரோபரில் பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, அரசாங்கத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவரில் காப்பு ஒட்டிய வீடுகளில் 98 வீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறைபாடுகள் இருக்கின்றன. உட்சுவர் வேலையில் 29 வீதம். சுவருக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்த வீட்டில், ஆஸ்துமா உள்ள பேரப்பிள்ளையோடு இருக்கும் ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கையெழுத்து வைத்த படிவத்தை அவர்கள் வாசித்திருக்கவில்லை, வாசிக்கக் கூடிய மொழியிலும் அது இல்லை. ஈ.சி.ஓ. போன்ற திட்டங்களுக்கு ஆட்களைப் பிடிக்க இன்னும் சிலர் கதவைத் தட்டலாம். எந்தப் படிவத்திலும் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள்.

காத்திருக்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வெப்பம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடம்பில் செல் துண்டுகளோடு வாழும் ஒருவருக்கு, காலை இழந்து செயற்கைக் கால் போட்டவருக்கு, 18 போதாது. குளிர் இறங்கினால் பழைய காயம் விண்ணென்று வலிக்கும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவில் ஹீற்றிங்கை நிறுத்திவிட்டு ஜக்கெற்றோடு படுக்கிறார்கள். சிலர் அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள், பங்கருக்குள் இருந்த எங்களுக்கு இது என்ன குளிர் என்று. அப்படியான வீட்டில் நான் இரண்டு குளிர்காலக் கணக்கெல்லாம் பார்க்கச் சொல்ல மாட்டேன். அடிக்கடி நிற்கும் பொயிலர் என்றால் மாற்றுங்கள். வருமானம் சார்ந்த கொடுப்பனவு எடுப்பவர்களுக்கு 150 பவுண் கட்டணக் கழிவு 2025-26 குளிர்காலத்திலிருந்து பரவலாக்கப்பட்டிருக்கிறது. 2024இல் பறிக்கப்பட்ட முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவும் 35,000 பவுணுக்குள் வருமானம் உள்ளவர்களுக்குத் திரும்ப வந்திருக்கிறது. பென்சன் கிரெடிற்றுக்கு விண்ணப்பிக்காமல் 'எங்களுக்கு எதுக்கு' என்று இருப்பவர்கள் முதலில் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

பழுது எது என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். விசிறி, பம்ப், வால்வு, மின்சுற்றுப் பலகை போன்றவை மாற்றக் கூடியவை. காஸின் சூடு தண்ணீருக்கு மாறும் உட்பகுதி அரித்துவிட்டதென்றால் பழைய பொயிலரில் அதற்குச் செலவழிப்பது வீண். ஒரே குளிர்காலத்தில் இரண்டாவது பெரிய பழுது வந்தாலும் அப்படித்தான். றேடியேற்றரின் மேற்பகுதி சூடாகி அடிப்பகுதி குளிராக இருந்தால் அது பொயிலரின் குற்றமில்லை, குழாய்க்குள் கறுப்புச் சேறு படிந்திருக்கிறது. அதைக் கழுவாமல் புதிய பொயிலர் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். உறைபனி நாளில் புதிய வகைப் பொயிலர் திடீரென நின்றால் வெளியே போகும் பிளாஸ்ரிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கக் கூடும். இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் பல தடவை வேலை செய்யத் தொடங்கும், அதற்கு ஆளைக் கூப்பிட்டு 90 பவுண் கொடுக்கத் தேவையில்லை. தாங்கி இல்லாத பொயிலரென்றால் றேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 பாகைக்குக் குறைத்தாலே காஸ் செலவு இறங்கும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் பெட்டியைத் திறக்கும் வேலையை, காஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது. 'எங்கட பெடியன், கைக்காசுக்கு அரை விலையில செய்வான்' என்பது எங்கள் சமூகத்தில் சாதாரணம். பெடியன் கெட்டிக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. பதிவு அட்டையில் படமும் இலக்கமும் இருக்கும், பின்புறத்தில் எந்த வேலைக்குத் தகுதி என்பதும் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இருபது பவுண் அளவில் கிடைக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொயிலர் இருக்கும் அறையில் வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்வியே இல்லை, அது வீட்டுக்காரரின் பொறுப்பு. வெப்பமூட்டலும் சுடுதண்ணீரும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம். ஆண்டுக்கொரு தடவை காஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அண்மையில் வந்த மாணவர்களையும், வழக்கு முடியாத அகதிகளையும் ஓர் அறைக்கு மூன்று பேராக வைத்து வாடகை எடுப்பவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. "ஹீற்றரைப் போடாதேங்கோ, பில் கூடும்" என்று தேமோஸ்ரற்றைப் பூட்டி வைத்த வீட்டிலிருந்து, கடந்த மாதம் இரண்டு பேர் என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பியவர். வீட்டுக்காரரின் பெயரைச் சொல்ல அவர்களுக்குப் பயம். கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்குப் பெயர் குறிப்பிடாமல் அறிவிக்கலாம் என்று சொல்லி, தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். இன்னும் அழைக்கவில்லை என்று போன கிழமை சொன்னார்கள்.